கன்றைக் கண்டால் சுரப்பது எது?

லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையை ஒட்டிச் செல்லும் சாலைக்குப் பஃப்ளோ ரோடு என்று பெயர். அதற்கு அடுத்தது கெர்பாவ் ரோடு. மலாய்மொழியில் ‘கெர்பாவ்’ என்றாலும் எருமைதான். மாட்டு வணிகர் ஒருவரின் நினைவாகப் பெயர்பெற்ற பெலிலியோஸ் ரோடும் அருகிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் மாட்டுத் தொழுவங்களாலும் பால்காரர்களாலும் நிறைந்திருந்தது என்பதற்கு இந்தப் பெயர்களே சான்று. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை உள்ளது. ‘கேகே’ என்பது ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதன் சுருக்கம். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். 1924ஆம் ஆண்டிலிருந்து மகப்பேற்று மருத்துவமனையாக இயங்கிய அங்கு, 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. இன்று உங்கள் தாத்தா பாட்டி வயதில் இருக்கும் பலர் அங்கே பிறந்தவர்கள்.

பால் கறக்கும் தொழுவமும் பிள்ளை பெறும் மருத்துவமனையும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டது வரலாற்றின் தற்செயல். ஆனால், அவ்விரண்டு இடங்களிலும் வேலை செய்வது ஒரே வேதிப்பொருள் என்பது தற்செயலன்று.

பால்காரர்கள் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலேயே அறிந்திருந்தார்கள். பசுவின் மடியில் நேராகக் கை வைத்தால் பால் எளிதில் இறங்காது. முதலில் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். கன்று மடியை முட்டி இரண்டு வாய் குடித்தவுடன் மடி சுரந்துவிடும். பிறகு கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டுக் கறப்பார்கள். கன்று இறந்துபோனால், அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்தும் வழக்கமும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. பசு அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொடுக்கும், பால் இறங்கும். மடியில் ஏற்கெனவே இருக்கும் பாலை வெளியே தள்ளும் கட்டளை, கன்றின் தொடுதலாலும் மணத்தாலும் பசுவின் மூளையிலிருந்து பிறக்கிறது. அந்தக் கட்டளையை எடுத்துச் செல்லும் தூதுதான் ஆக்சிடோசின்.

ஒரு தூதனின் பயணம்

1906ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி டேல், பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு ஒரு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். பிள்ளைப்பேற்றை விரைவுபடுத்தும் பொருள் என்பதால், ‘விரைவான பிறப்பு’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதற்கு ஆக்சிடோசின் என்னும் பெயர் வந்தது. 1953இல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டூ விக்னோ அதன் அமைப்பைக் கண்டறிந்து, அதைச் செயற்கையாகவும் உருவாக்கிக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலைதான் ஆக்சிடோசின். உடலில் நீரின் அளவைக் காக்கும் வாசோபிரெசின் என்ற மற்றொரு ஹார்மோனுக்கும் இதற்கும் இரண்டு மணிகளில் மட்டுமே வேறுபாடு.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் இதை உருவாக்குகிறது. பிட்யூட்டரி சுரப்பி வழியாக இரத்தத்தில் கலந்து அது கருப்பைக்கும் மார்புக்கும் செல்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஏற்படும் அளவுகடந்த இரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்தாக உலகெங்கும் எண்ணற்ற தாய்மார்களின் உயிரை இது காத்து வருகிறது. இந்தியாவில் மாடுகளுக்கு இதை ஊசியாகப் போட்டுப் பால் கறக்கும் முறைகேடு பெருகியதால், 2018இல் தனியார் நிறுவனங்கள் இதைத் தயாரிக்க அரசு தடை விதித்தது. தாய்மார்களுக்குத் தேவையான மருந்து கிடைக்காமல் போய்விடும் என்ற வாதத்தை ஏற்று, டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அந்தத் தடையை நீக்கியது. மடிக்கும் மகப்பேற்றுக்கும் ஒரே மருந்து என்பதால் வந்த வழக்கு அது.

ஹைப்போதலாமஸின் நரம்பணுக்கள் சில, இரத்தத்தின் வழியே செல்லாமல், மூளையின் மற்றப் பகுதிகளுக்குள்ளேயே ஆக்சிடோசினைச் செலுத்துகின்றன. 1979இல் நடந்த ஓர் ஆய்வு அதன் விளைவைக் காட்டியது. குட்டியே ஈனாத பெண் எலிகளின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தியபோது, அவற்றுள் பல, பிற எலிகளின் குட்டிகளை நக்கிக்கொடுத்து அரவணைக்கத் தொடங்கின. உடலின் தசைகளுக்குக் கட்டளையிடும் பொருள் என்று கருதப்பட்டது, நடத்தையையும் மாற்றுகிறது என்று அப்போது தெரிந்தது.

அதற்குப்பின் அறிவியலாளர்களின் பார்வை வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி வோல் என்ற எலியினத்தின்மீது திரும்பியது. இந்த எலிகள் இணைபிரியாமல் வாழ்பவை. ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளை வளர்க்கும். மலைப்பகுதியில் வாழும் இவற்றின் உறவினமோ அப்படியன்று. இரண்டுக்கும் ஆக்சிடோசின் சுரக்கிறது. ஆனால், அதைப் பெற்றுக்கொள்ளும் ‘ஏற்பிகள்’ மூளையில் அமைந்துள்ள இடங்கள் வேறு. பிரெய்ரி வோலின் மூளையில், மகிழ்ச்சியையும் நிறைவையும் உணரச் செய்யும் பகுதியில் ஏற்பிகள் அடர்ந்திருந்தன. தூதன் எத்தனை முறை வந்தான் என்பதோடு, எந்த வீட்டின் கதவு திறந்தது என்பதையும் பார்க்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஆக்சிடோசின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள், முன்பு பலமுறை சந்தித்த எலியைக்கூட ஒவ்வொரு முறையும் புதிய எலியைப் போலவே மோந்து பார்த்தன. உணவு இருக்கும் இடம் போன்றவற்றை அவை மறக்கவில்லை; சக எலியை அடையாளம் காண்பதில் மட்டுமே சிக்கல். ஜப்பானின் கானாஸாவா நகர ஆய்வாளர்கள், ஆக்சிடோசின் மூளையில் வெளியாவதற்குச் சிடி38 என்ற மரபணு தேவை என்று 2007இல் காட்டினார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் சிங்கப்பூரில் மீண்டும் வரும்.

இத்தகைய செய்திகளைப் படித்த ஊடகங்கள் ஆக்சிடோசினுக்கு ‘அன்பு ஹார்மோன்’ என்று பட்டம் சூட்டின. 2005இல் சூரிக் நகரில் நடந்த ஓர் ஆய்வில், ஆக்சிடோசினை மூக்கில் தெளித்துக்கொண்ட ஆண்கள் முன்பின் தெரியாதவர்களை நம்பிக் கூடுதலான பணத்தைக் கொடுத்தார்கள் என்ற முடிவு உலகெங்கும் பரவியது. 2020இல் அதே ஆய்வைப் பெரிய அளவில் மீண்டும் செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. இது முதல் செய்தி அளவுக்குப் பரவவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகள் வேறொரு பக்கத்தைக் காட்டின: ஆக்சிடோசின் ‘நம்மவர்’ மீதான பற்றையே கூட்டியது; எல்லார்மீதும் கூட்டவில்லை. கன்று ஈன்ற பசுவிடம் புதியவர் நெருங்கினால் என்ன ஆகும் என்று மாடு வளர்த்தவர்களைக் கேட்டால் தெரியும். கன்றை நக்கும் அதே பசு, வந்தவரை முட்டத் துரத்தும்.

உட்லண்ட்ஸிலிருந்து ஆங் மோ கியோ வரை

உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு சிறுவனைக் கற்பனை செய்து பார்ப்போம். அவனுக்கு வயது ஒன்பது. நாள்தோறும் காலையில் தன் அம்மாவுடன் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையத்தில் வடக்கு தெற்கு ரயிலில் ஏறி, ஆங் மோ கியோவில் உள்ள பள்ளிக்குச் செல்கிறான். அட்மிரல்டி, செம்பவாங், ஈசூன், காத்திப், இயோ சூ காங், ஆங் மோ கியோ என்று நிலையங்களின் பெயர்களை வரிசை மாறாமல் முணுமுணுத்துக்கொண்டே வருவான். கூட்டம் நெருக்கினால் காதுகளைப் பொத்திக்கொள்வான். 2019ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் செம்பவாங்குக்கும் ஈசூனுக்கும் இடையே கான்பெரா நிலையம் திறக்கப்பட்டது. மற்றப் பயணிகளுக்கு அது வசதி. அவனுக்கோ, மனத்தில் உறுதியாக அடுக்கி வைத்த வரிசை ஒரே நாளில் உடைந்துபோயிற்று. ரயிலில் அவன் கதறி அழுதபோது, “பையனைச் சரியா வளர்க்கலை” என்ற பொருளில் சிலர் அவன் அம்மாவைப் பார்த்திருப்பார்கள்.

அவனுக்கு இருப்பது ஆட்டிசம். சிங்கப்பூர்த் தமிழ் ஊடகங்கள் இதை ‘மதியிறுக்கம்’ என்று குறிப்பிடுகின்றன. அச்சொல் பழகிவிட்டது என்றாலும் முற்றிலும் பொருத்தமானதன்று. இந்தப் பிள்ளைகளின் மதி இறுகிக் கிடப்பதில்லை. சிலர் பேசுவதற்கே சிரமப்படுவார்கள். சிலர் ஆறு வயதிலேயே பேருந்து எண்களையெல்லாம் ஒப்புவிப்பார்கள். பிறர் முகக்குறிப்பைப் புரிந்துகொள்வதில் சிக்கல், மாற்றங்களைத் தாங்க முடியாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை பொதுவான கூறுகள். சிங்கப்பூரில் ஏறத்தாழ 150 பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. ஒரு தொடக்கப்பள்ளியில் ஆயிரம் பேர் என்றால் ஆறேழு பிள்ளைகள்.

ரயிலில் அந்த அம்மாவின்மீது விழுந்த பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மனநல மருத்துவர் லியோ கானர், தாம் கண்ட 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக உலகுக்குப் பரவலாக அறிமுகமானது. பிள்ளைகள் பிறவியிலேயே இப்படி இருக்கக்கூடும் என்று அவர் எழுதியிருந்தாலும், பெற்றோரின் ‘குளிர்ந்த’ குணத்தையும் குறிப்பிட்டார். அந்தப் பொறி பற்றிக்கொண்டது. ‘குளிர்சாதனப்பெட்டித் தாய்மார்’ என்ற கொடிய பெயர் பிறந்தது. அன்பு காட்டாத தாயால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்று 1950களிலும் 1960களிலும் மருத்துவர்களே சொன்னார்கள். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வளர்ப்பதே சிகிச்சை என்று சிலர் வாதிட்டார்கள்.

இதை எதிர்த்து 1964இல் ஒரு நூல் எழுதிய உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், தாமே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கல் ரட்டர் ஆகிய இருவர் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இரட்டையர் இணைகளில் 4 இணைகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருக்களிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. வளர்ப்பு ஒன்றுதான், வீடும் ஒன்றுதான், வேறுபட்டது மரபணு. இன்று ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. தாய்மார்களின்மீது சுமத்தப்பட்ட பழி அறிவியலில் நீங்கிவிட்டது. ரயில் பெட்டிகளில் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

‘அன்பு ஹார்மோன் குறைவதால் ஆட்டிசம் வருகிறது’ என்று மேலோட்டமாகச் சொன்னால், அதே பழைய பழி வேதியியல் உடை அணிந்து திரும்பி வந்துவிடும். முன்பு தாயிடம் அன்பு இல்லை என்றார்கள்; இப்போது பிள்ளையிடம் அன்பு இல்லை என்றாகிவிடும். ஆகவே, ஆய்வுகள் உண்மையில் சொல்வது என்ன என்று நிதானமாகப் பார்ப்பது தேவை.

அளவா, காலமா?

1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் இரத்தத்தில் சராசரியாக ஆக்சிடோசின் குறைவாக இருந்ததாகக் கூறியது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கேரன் பார்க்கரும் குழுவினரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், அவர்களுடைய உடன்பிறப்புகள், தொடர்பில்லாத பிற பிள்ளைகள் என மூன்று குழுக்களை ஒப்பிட்டார்கள். மூன்றிலும் ஆக்சிடோசின் அளவு ஒரே மாதிரிதான் பரவியிருந்தது. அதிகம் உள்ளவர்களும் குறைவாக உள்ளவர்களும் எல்லாக் குழுக்களிலும் இருந்தார்கள். எந்தக் குழுவாக இருந்தாலும், அளவு கூடியவர்களின் சமூகத் திறன் சற்றுக் கூடியிருந்தது. அதாவது, ஆக்சிடோசின் என்பது ஆட்டிசத்தை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் எல்லைக்கோடன்று. மனிதர் எல்லாரிடமும் சமூகத் திறனைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்யும் பல காரணிகளில் ஒன்று.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரிச்சர்ட் எப்ஸ்டைன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. அவர்கள் சிங்கப்பூரில் உள்ள 1,300க்கும் மேற்பட்ட நலமான சீன இளையர்களை ஆராய்ந்தார்கள். முன்பு குறிப்பிட்ட சிடி38 மரபணு மிகுதியாகச் செயல்பட்டவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். இந்த மரபணுவும் அதன் உறவான சிடி157உம் சேர்ந்து, சமூகத் திறனில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 14 விழுக்காட்டை விளக்கின. மரபணு ஆய்வில் இது பெரிய எண். எஞ்சிய 86 விழுக்காட்டில் குடும்பம், பள்ளி, மொழி, வாய்ப்பு, வேறு மரபணுக்கள் என்று ஓர் உலகமே அடங்கியிருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

வளரும் மூளையில் ஆக்சிடோசின் ஆற்றும் பணி இதைவிட வியப்பூட்டுவது. நம் மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் உண்டு. அது நரம்பணுக்களை அடக்குவது. வாகனத்தின் பிரேக் போன்றது. ஆனால், கருவில் இருக்கும்போது அதே காபா நரம்பணுக்களைத் தூண்டிவிடுகிறது. ஒரே மிதிக்கட்டை, கருவில் வேகத்தைக் கூட்டுகிறது. பிறந்தபின் வேகத்தைக் குறைக்கிறது. நரம்பணுவுக்குள் இருக்கும் குளோரைடின் அளவு குறைவதே இந்த மாற்றத்துக்குக் காரணம். பிரான்சின் மார்செய் நகரில் யெஹெஸ்கெல் பென்-அரி குழுவினர் 2006இல் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள். பிரசவ நேரத்தில் தாயின் உடலில் பெருகும் ஆக்சிடோசின், குட்டியின் மூளையை எட்டி, காபாவைத் தற்காலிகமாகப் பிரேக்காக மாற்றுகிறது. பிறப்பின்போது மூச்சுக்காற்று குறையும் அந்த ஆபத்தான நிமிடங்களில், குட்டியின் மூளை அமைதியாக இருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. தாயின் கருப்பையைச் சுருக்கும் அதே தூதன், பிள்ளையின் மூளைக்கும் செய்தி கொண்டுசெல்கிறான்.

2014இல் அதே குழுவினர், ஆட்டிசத்தோடு தொடர்புடைய கூறுகளைக் கொண்ட இரண்டு வகை எலிகளிடம் இந்த மாற்றம் நிகழவில்லை என்று அறிவித்தார்கள். குளோரைடைக் குறைக்கும் புமெட்டனைட் என்ற பழைய மருந்தைப் பிரசவத்துக்குச் சற்றுமுன் தாய்க்குக் கொடுத்தபோது குட்டிகளின் நிலை சீரடைந்தது. அதே ஆண்டில் ஷாங்காய் ஆய்வாளர்கள், மீசைமுடிகள் இல்லாமல் வளர்ந்த சுண்டெலிக் குட்டிகளை ஆராய்ந்தார்கள். சுண்டெலிக்கு மீசையே விரல்நுனி. தொடு உணர்வு குறைந்த அக்குட்டிகளின் மூளையில் ஆக்சிடோசினும் குறைந்தது. தொடுதலுக்குரிய பகுதி மட்டுமன்றி, பார்வை, கேட்டல் பகுதிகளின் நரம்பிணைப்புகளும் தளர்ந்தன. ஆக்சிடோசினைக் கொடுத்தபோது அவை மீண்டன. ஒலியும் ஒளியும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏன் வேறுவிதமாக இருக்கின்றன என்று ஆராய்பவர்களுக்கு இது முக்கியமான தடயம். 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், ஆட்டிசத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குப் பிறந்த சில நாள்களிலேயே ஆக்சிடோசினைக் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் பயன் நீடித்தது.

இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது ‘எப்போது’ என்ற கேள்வி. நாற்றங்காலில் பாய்ச்சவேண்டிய நீரை அறுவடை நேரத்தில் பாய்ச்சினால் என்ன பயன்?

தெளிப்புப் புட்டியின் சோதனை

ஆய்வு முதிரும்வரை பெற்றோர் காத்திருக்க முடியாது. பிள்ளைக்கு ஏற்கெனவே ஐந்து வயது, பத்து வயது ஆகியிருக்கும். சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை அளித்தன. 2010இல் ஆஸ்திரேலியாவில் ஆட்டிசம் உள்ள இளையர்கள் ஒரு முறை ஆக்சிடோசினைத் தெளித்துக்கொண்டபின், கண்களை மட்டும் பார்த்து உணர்வை ஊகிக்கும் சோதனையில் சற்று மேம்பட்டார்கள். செய்தி பரவியதும், பல நாடுகளில் பெற்றோர் தெளிப்புப் புட்டியைத் தேடத் தொடங்கினார்கள்.

ஐயத்தைத் தீர்க்கப் பெரிய சோதனை ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவில் லின்மேரி சிகிச் தலைமையில் நடந்த சோதனையில் 3 முதல் 17 வயது வரையிலான 290 பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு ஆக்சிடோசின். மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத, ஆனால் அதே போன்ற தெளிப்பு. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. 24 வாரங்கள் நாள்தோறும் பெற்றோர் பிள்ளையின் மூக்கில் தெளித்தார்கள். மாற்றத்தைக் கூர்ந்து கவனித்தார்கள்.

2021 அக்டோபரில் முடிவு வெளியானது. பிறரிடமிருந்து ஒதுங்கும் தன்மையை அளக்கும் அளவுகோலில், ஆக்சிடோசின் பெற்றவர்கள் சராசரியாக 3.7 புள்ளி மேம்பட்டிருந்தார்கள். வெற்றுத் தெளிப்பைப் பெற்றவர்கள் 3.5 புள்ளி மேம்பட்டிருந்தார்கள். வேறுபாடு இல்லை என்றே பொருள். அதே ஆண்டில் புமெட்டனைட்டைப் பிள்ளைகளிடம் சோதித்த பெரிய ஆய்வுகளும் பயன் இல்லை என்று நிறுத்தப்பட்டன.

ஆக்சிடோசின் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். மூக்கில் தெளிப்பது மூளைக்குள் போதிய அளவு செல்கிறதா என்பதே இன்னும் விவாதத்தில் உள்ளது. ஆட்டிசம் ஒரே காரணத்தால் வருவதன்று. அதனால் எல்லாருக்கும் ஒரே மருந்து பொருந்தும் என்று எதிர்பார்ப்பதும் சரியாகாது. பார்க்கரின் மற்றொரு சிறிய ஆய்வில், தொடக்கத்தில் ஆக்சிடோசின் குறைவாக இருந்த பிள்ளைகளே கூடுதல் பயன் பெற்றார்கள். 2023இல் வந்த செய்தி அடித்தளத்தையே அசைத்தது. தேவானந்த் மனோலியும் சக ஆய்வாளர்களும் ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை உருவாக்கினார்கள். இணைபிரியாமை என்ற புகழுக்கே அந்த ஏற்பிதான் காரணம் என்று முப்பது ஆண்டுகளாக நம்பப்பட்டது. ஏற்பி இல்லாமலேயே அந்த எலிகள் இணை சேர்ந்து பிரியாமல் வாழ்ந்தன. குட்டிகளுக்குப் பால் கொடுக்கவும் சிலவற்றால் முடிந்தது. ஒரு வழி அடைபட்டால், வளரும் மூளை வேறு வழிகளைத் திறந்துகொள்கிறது போலும்.

வெற்றுத் தெளிப்பைப் பெற்ற பிள்ளைகளின் 3.5 புள்ளிகளை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியுமா? பிள்ளை இன்று என்ன செய்தான் என்று ஆறு மாதம் நம்பிக்கையோடு கவனித்த பெற்றோரின் பார்வை மாறியிருக்கலாம். அதனால் பழகும் முறையும் மாறியிருக்கலாம். பிள்ளைகளும் ஆறு மாதம் வளர்ந்திருக்கிறார்கள். எது எவ்வளவு என்று அந்தச் சோதனையால் பிரித்துக் காட்ட முடியாது.

சிங்கப்பூரில் இன்று குடும்பங்களுக்குக் கிடைப்பது தெளிப்புப் புட்டியன்று. பேச்சு வளர்ச்சி தாமதமானால், பாலர் வயதிலேயே கேகே மருத்துவமனையின் பிள்ளை வளர்ச்சிப் பிரிவு போன்ற இடங்களில் பரிசோதிக்கலாம். ஆறு வயதுக்குட்பட்டோருக்கான ஆரம்பகால இடையீட்டுத் திட்டங்களில் பேச்சுப் பயிற்சியும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியும் தரப்படுகின்றன. ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ஆங் மோ கியோவில் இயங்கும் பாத்லைட் பள்ளி 2004இல் தொடங்கப்பட்டது. 2019இலிருந்து கட்டாயக் கல்விச் சட்டம், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. இப்பயிற்சிகளில் மிக எளிய கருவி, படங்கள் ஒட்டிய அட்டை. நாளை என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்று அது முன்கூட்டியே காட்டும். கான்பெரா நிலையம் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ரயில் வரைபடத்தில் ஒரு புதிய புள்ளியை ஒட்டிக் காட்டியிருந்தால், அந்தச் சிறுவனின் காலை வேறு மாதிரி அமைந்திருக்கக்கூடும்.

ஆக்சிடோசின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்டிசம் உள்ளவரை மட்டுமே அளந்தன. அவரோடு பேசும் மற்றவரை யாரும் அளக்கவில்லை. 2020இல் எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் இதை மாற்றிப் பார்த்தார்கள். நாம் சிறுவயதில் விளையாடும் காதோடு காது விளையாட்டைப் போன்றது அவர்களின் சோதனை. முதலாமவர் ஒரு கதையைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்லவேண்டும். இப்படியே எட்டுப் பேர் வரை அது செல்லும். ஆட்டிசம் இல்லாத எட்டுப் பேர் வரிசையில் கதை ஓரளவு தங்கியது. ஆட்டிசம் உள்ள எட்டுப் பேர் வரிசையிலும் அதே அளவு தங்கியது. இரு தரப்பினரையும் மாற்றி மாற்றி நிறுத்திய வரிசையில்தான் கதை மிகுதியாகச் சிதைந்தது.